தம்பியின் ஜீன் அறிக்கையில் "உறுதியாகவில்லை" என்று வந்திருக்கிறது – ஜீப்ரா மீன் ஆய்வு பதில் சொல்லுமா?

காரிமங்கலம் மலர்:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. ஓசூரில் ஷிப்ட் வேலை. கொஞ்ச காலமாகவே இருட்டினால் தடுமாறுகிறான். நைட் ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது ரோட்டோரம் நடப்பவர்கள் கிட்ட வரும்வரை தெரிவதே இல்லை என்று அவனே சொன்ன பிறகுதான் பெரிய கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்றார்கள், விழித்திரைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் பரம்பரை நோயாம். ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள்.

அறிக்கையில் ஈஒய்எஸ் என்று ஒரு ஜீன். அதில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம், அதுவும் அம்மா வழி, அப்பா வழி வந்த இரண்டு பிரதியிலும். ஆனால் பக்கத்திலேயே "முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நோய்க்கு அதுதான் காரணமா, இல்லையா? டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார், ஆனால் வெளியே பெரிய வரிசை நின்றது. எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை.

எங்கள் அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை. இப்போது தம்பிக்கு அம்மாவின் அண்ணன் மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. ஜீப்ரா மீனில் இதே ஜீனை மாற்றிப் பார்த்து, எந்த மாற்றம் கெடுதல், எது சாதாரணம் என்று கண்டுபிடிக்கிறார்கள் என ஒரு இடத்தில் படித்தேன். உண்மையா? நம் தம்பி மாதிரி ஒருவனுக்கு அதைச் செய்து தருவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சின்னாறு:

மலர் அக்கா, எனக்குப் பென்னாகரம் பக்கம். இப்போது ஹைதராபாத்தில் ஒரு மீன் ஆய்வகத்தில் இருக்கிறேன், என் வேலையே ஜீப்ரா மீனின் விழித்திரைதான். விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் படித்தது உண்மைதான். ஈஒய்எஸ் ஜீனைப் பொறுத்தவரை மீனுக்கு ஒரு தனி இடமும் உண்டு. மனிதனில் இந்த ஜீன் கெட்டால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா வரும் என்பது 2008ல் தெரிந்தது. வழக்கமாக அடுத்தபடி சுண்டெலியில் அதே ஜீனைக் கெடுத்துப் பார்ப்பார்கள். இங்கே அதற்கு வழியில்லை, ஏனென்றால் சுண்டெலிக்கு இந்த ஜீனே கிடையாது. பரிணாமத்தில் தொலைத்துவிட்டது. ஜீப்ரா மீனிடம் இருக்கிறது. அதனால் கிரிஸ்பர் முறையில் மீனில் அந்த ஜீனை வெட்டிப் பார்த்தார்கள். குஞ்சு பொரிந்து, நீந்தி, சாப்பிட்டு வளர்கிறது. மாதங்கள் போகப் போக ஒளியை வாங்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. உங்கள் தம்பி பிறக்கும்போது நன்றாகத்தானே பார்த்தார்? அதே கதைதான், மீனில் வேகமாக ஓடுகிறது.

இனி, ஏன் மீன் என்று கேட்பவர்களுக்காக. இது கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளிலும் வயல் தண்ணீரிலும் வாழும் மீன். கலர் மீன் கடையில் நீலக்கோடு போட்டு ஒரு விரல் நீளத்தில் ஓடுமே, அதுதான். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்பவர் 1981ல் இதை வைத்து மரபியல் செய்ய முடியும் என்று காட்டினார். 1996ல் ஜெர்மனியின் டியூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் ஆயிரக்கணக்கான மரபு மாற்ற மீன்களை உண்டாக்கி, எந்த மாற்றம் எந்த உறுப்பைக் கெடுக்கிறது என்று ஒரே வீச்சில் வெளியிட்டார்கள். அதில் கண்ணே உருவாகாத மீன், சின்னக் கண் மீன், கண் இருந்தும் நரம்பு இல்லாத மீன் எல்லாம் வந்தன. 2013ல் மீனின் முழு ஜீனோம் வெளியானது. மனித ஜீன்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மீனில் ஒரு ஜோடி ஜீனாவது இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

தாயின் வயிற்றுக்குள் குழந்தையின் கண் எப்படி உருவாகிறது என்று நாம் பார்க்க முடியாது. மீன் முட்டையில் பார்க்கலாம். கருவுற்ற 24 மணி நேரத்தில் கண் கிண்ணமும் லென்ஸும் தெரியும். அதற்கு அடுத்த சில மணி நேரத்தில் விழித்திரையின் முதல் நரம்புச் செல்கள் பிறக்கும். 72 மணி நேரத்தில் அடுக்குகள் எல்லாம் அமைந்து, குஞ்சு பார்க்கத் தொடங்கிவிடும். இந்த 3 நாளையும் நுண்ணோக்கியில் வைத்து நேராகவே பார்க்கலாம். கறுப்பு நிறமி மறைக்காமல் இருக்கத் தண்ணீரில் பிடியு என்ற மருந்தைக் கொஞ்சம் சேர்ப்போம்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். லாக்ரிட்ஸ் என்று ஒரு மீன் வகை. அதில் ஏடிஓஎச்7 என்ற ஒரே ஒரு ஜீன் கெட்டிருக்கிறது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் செல்கள் மட்டும் பிறப்பதில்லை. மற்ற செல்கள் எல்லாம் இருக்கும், மூளைக்கு ஒன்றும் போகாது. மனிதனில் அதே ஜீன் கெட்டுப் பிறவியிலேயே பார்வை நரம்பு வளராத குடும்பங்கள் உண்டு. ஒரு ஜீன் எந்த மணி நேரத்தில், எந்தச் செல்லுக்காக வேலை செய்கிறது என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்ட வேறு எந்த முதுகெலும்புப் பிராணியாலும் முடியாது என்பது என் கருத்து.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து எழுத வேண்டும். ராத்திரி வருகிறேன்.

காவேரிப்பட்டணம் கலர்மீன்:

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, கலர் மீன் வளர்த்து விற்பவன். ஆனால் அந்தத் தம்பி சொன்ன 3 நாள் கணக்கு சத்தியமான உண்மை, வீட்டிலேயே பார்க்கலாம்.

சாயங்காலமே ஆணையும் பெண்ணையும் ஒரு தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து விட்டுவிட வேண்டும். பெண் வயிறு உப்பி இருக்கும், ஆண் ஒல்லியாகக் கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். அடியில் வலை கட்டாயம். இல்லாவிட்டால் போட்ட முட்டையை அதுகளே தின்றுவிடும். காலையில் வெளிச்சம் வந்ததும் தடுப்பை எடுத்தால் துரத்தல் ஆரம்பம். கொஞ்ச நேரத்தில் முட்டை வலைக்குக் கீழே கிடக்கும். ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணாடியாக உள்ளே எல்லாம் தெரியும். வெள்ளையாகப் போனதை உடனே எடுத்துப் போட வேண்டும், விட்டால் பூஞ்சை பிடித்து மற்றதும் போகும். மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் முட்டைக்குள்ளேயே வாலை வெடுக்கென்று உதறும். அதற்கு மறுநாள் கறுப்பாக இரண்டு கண் தெரியும், உடம்பு முழுக்க அதுதான் முதலில் கண்ணில் படும். மூன்றாம் நாள் பொரிந்து தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அஞ்சாம் நாள் இரையைத் தேடிப்போய்ப் பிடிக்கும். கண் தெரியாத குஞ்சு அங்கேயே பின்தங்கிவிடும்.

நம் ஊர்த் தண்ணீரில் நேராக முட்டை எடுக்கப் பார்க்காதீர்கள். போர் தண்ணீர் கடினம், ஃப்ளோரைடும் உண்டு. பெரிய மீன் தாங்கிக்கொள்ளும், முட்டை தாங்காது. நான் ஆர்ஓ தண்ணீரைக் கலந்துதான் ஓட்டுகிறேன். மார்கழி தையில் ஹீட்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ஒளிவிலகல்:

ஓசூரில் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். மீனுக்குக் கண் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

எங்கள் கிளினிக்கில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு உருளை இருக்கும். கைக்குழந்தைக்கு எழுத்தைக் காட்டிக் கேட்க முடியாது அல்லவா? உருளையை முகத்துக்கு முன்னால் மெதுவாகச் சுற்றுவோம். பார்வை இருந்தால் கண் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அதோடு நகரும், ஓரம் போனதும் வெடுக்கென்று திரும்பி அடுத்த கோட்டைப் பிடிக்கும். குழந்தை நினைத்தாலும் இதை அடக்க முடியாது. கண் நகரவில்லை என்றால்தான் எங்களுக்குக் கவலை.

மீன் ஆய்வகத்திலும் இதேதான். ஐந்து நாள் குஞ்சைக் கெட்டியான ஒரு திரவத்தில் வைப்பார்கள், உடம்பு நகராது, கண் மட்டும் நகரும். சுற்றிலும் கோடுகள் ஓடும். கண் தொடர்கிறதா என்று கேமரா பதிவு செய்யும். கோட்டை மெல்லியதாக்கிக்கொண்டே போனால் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறது என்பதும் தெரியும்.

சின்னாறு, இந்த உருளையை வைத்தே குருட்டு மீன்களைச் சலித்து எடுத்த கதையை நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

சின்னாறு:

எழுதுகிறேன் மேடம். ஹார்வர்டில் ஜான் டவுலிங் குழு 1995ல் செய்தது. மேலே சொன்ன 1996 சலித்தெடுப்பில் கண்ணின் உருவத்தைப் பார்த்தார்கள். டவுலிங் குழு கண் நன்றாகவே இருந்தும் கோட்டைத் தொடராத குஞ்சுகளைத் தேடியது. அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றுக்கு ஜிஎன்ஏடி2 ஜீன் கெட்டிருந்தது. பகல் வெளிச்சத்திலும் நிறம் பார்ப்பதிலும் வேலை செய்யும் கூம்புச் செல்லில் ஒளி பட்டதும் செய்தியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் புரதம் அது. மனிதனில் அதே ஜீன் கெட்டால் நிறமே தெரியாது, பகல் வெளிச்சத்தில் கண் கூசும். நுண்ணோக்கியில் பார்த்தால் கண் சரியாக இருக்கும், பார்வை மட்டும் இருக்காது. இப்படிப்பட்ட நோய்களைப் பிடிக்க உருளையை விட்டால் வேறு சுலபமான வழி இல்லை.

மலர் அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மாற்றம் கெடுதலா என்று மீனில் பார்க்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, மீனின் ஜீனை முடக்கிவிட்டு மனிதனின் நல்ல ஜீனிலிருந்து எடுத்த ஆர்என்ஏவை, அதாவது ஜீனின் செய்தி நகலை, முட்டையில் செலுத்துவது. பார்வை திரும்பினால் அடுத்து நோயாளியின் மாற்றம் உள்ள ஆர்என்ஏவைச் செலுத்துவது. நல்லது காப்பாற்றி, மாறியது காப்பாற்றவில்லை என்றால் அந்த மாற்றம் கெடுதல். இரண்டாவது வழி, மீனின் ஜீனிலேயே அதே இடத்தில் அதே எழுத்தை மாற்றி ஒரு பரம்பரையை உண்டாக்கி, வளர்த்துப் பார்ப்பது.

ஈஒய்எஸ்ஸுக்கு முதல் வழி சரிவராது. அந்தப் புரதத்தில் மூவாயிரத்துக்கும் மேல் அமினோ அமிலங்கள், ஆர்என்ஏ மிக நீளம். செலுத்தினாலும் சில நாள்தான் தாங்கும், நோயோ மாதக்கணக்கில் வருவது. ஐந்து நாள் குஞ்சை உருளையில் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டாவது வழியில் முடியும். ஆனால் அந்த ஒரே எழுத்தைச் சரியாக மாற்றுவது மீனில் இன்னும் சிரமம், பிறகு இரண்டு தலைமுறை வளர்க்க வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்காக இதைக் கட்டணம் வாங்கிச் செய்து தரும் இடம் என்று நம்பிக்கொண்டு அலையாதீர்கள். ஆய்வகங்கள் ஒரு கேள்விக்காகச் செய்வார்கள், அதில் உங்கள் மாற்றமும் அகப்பட்டால் உண்டு.

பழைய விலங்கியல்:

கிருஷ்ணகிரியில் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சின்னாறு நேர்மையாக எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. ஆனாலும் மீனைப் பற்றிய உற்சாகம் கொஞ்சம் கூடிவிட்டது என்று படுகிறது. மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

மனிதப் பார்வையின் உயிர்நாடி விழித்திரையின் நடுவில் உள்ள சின்னஞ்சிறு குழி. படிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அதனால்தான். ஜீப்ரா மீனுக்கு அப்படி ஒரு குழி இல்லை. அந்தக் குழி இருக்கும் நடுப்பகுதியான மாக்குலா சம்பந்தப்பட்ட நோய்களை மீனில் முழுசாகக் காட்டிவிட முடியாது.

அடுத்து, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் மனிதனுக்கு முதலில் போவது இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள். அதனால்தான் மாலைக்கண்ணில் ஆரம்பிக்கிறது. ஈஒய்எஸ் கெட்ட மீனில் கூம்புச் செல்களே முதலில் அடிபட்டன. ஒரே ஜீன், வேறு வரிசை. இதைச் சொல்லாமல் "அதே கதைதான்" என்று மலர் போன்றவர்களிடம் சொல்வது சரியில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. 2000க்குப் பிறகு வந்த ஏராளமான கட்டுரைகள் மார்ஃபோலினோவை நம்பியவை. ஜீனைத் தொடாமல், அதன் செய்தியை மட்டும் சில நாள் மறைக்கும் மருந்து அது. 2015ல் பழைய முடிவுகளை உண்மையான மரபு மாற்ற மீன்களோடு ஒப்பிட்டபோது பெரும்பாலானவை பொருந்தவில்லை. அந்தக் கட்டுரைகளை ஆதாரமாக வைத்து "இந்த மாற்றம் கெடுதல்" என்று எழுதிய அறிக்கைகள் எத்தனை குடும்பங்களின் கைக்குப் போயிருக்கும்? சின்னாறு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சின்னாறு:

ஐயா, இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். மீன் குஞ்சுக்குப் பகல் பார்வைதான் பிரதானம், தொடக்கத்தில் கூம்புச் செல்களை வைத்தே வாழ்கிறது. அதனால் கூம்பு நோய்களுக்கு மீன் மிகப் பொருத்தம், கோல் நோய்களுக்கு ஒரு படி கீழே.

குழி இல்லை என்பதும் சரி. ஆனால் அதன் விழித்திரை முழுக்க ஒரே சீராக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஜீப்ரா மீனுக்கு நாலு வகைக் கூம்பு: சிவப்பு, பச்சை, நீலம், புற ஊதா. முன்னால் மேலே வரும் இரையைப் பார்க்கும் பகுதியில் புற ஊதாக் கூம்புகள் நெருக்கமாகவும் அதிக உணர்வோடும் இருக்கின்றன. குஞ்சின் இரையான பாரமீசியம் என்ற நுண்ணுயிர் புற ஊதா ஒளியில் பளிச்சென்று தெரிவதால் குஞ்சு அதை வைத்தே வேட்டையாடுகிறது. கூர்மையான பார்வைக்கென்று ஒரு தனி இடம் எப்படி அமைகிறது என்ற கேள்வியை இந்தப் பகுதியில் கேட்க முடியும்.

மார்ஃபோலினோ விஷயத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது. அதோடு அதே 2015ல் வந்த இன்னொரு முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜீனை நிரந்தரமாகக் கெடுத்தால் சில சமயம் மீன் அதே மாதிரி வேலை செய்யும் வேறு ஜீன்களைத் தூக்கிவிட்டு ஈடுகட்டிக்கொள்கிறது. செய்தியை மட்டும் மறைத்தால் ஈடுகட்டுவதில்லை. அதனால் பொருந்தாத எல்லா இடத்திலும் மார்ஃபோலினோ பொய் சொன்னது என்றும் ஆகாது. கெட்டுப்போன ஆர்என்ஏ சிதைவதே இந்த ஈடுகட்டலைத் தூண்டுகிறது என்று 2019ல் தெரிந்தது. அது போக, மீனின் மூதாதை முழு ஜீனோமையும் ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டது, பல ஜீன்களுக்கு மீனில் இரண்டு நகல். ஒன்றை வெட்டினால் மற்றது சமாளித்துவிடும்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் மார்ஃபோலினோவை மட்டும் காட்டி யாரும் முடிவு எழுத முடியாது. நிலையான பரம்பரை வேண்டும், நல்ல ஜீனைக் கொடுத்தால் குறை சரியாகிறது என்று மீட்டுக் காட்ட வேண்டும், பார்ப்பவருக்கு எந்தக் குஞ்சு எது என்று தெரியாமல் அளக்க வேண்டும்.

தொப்பூர் கணவாய்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய். "ஜீப்ரா மீனுக்குக் கண் கெட்டால் தானே வளர்கிறது, அதே ஸ்டெம் செல் முறையில் உங்களுக்கும் வளர வைக்கிறோம்" என்று ஒரு இடத்தில் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். சித்தப்பா பாலக்கோட்டில் இருக்கும் நிலத்தை விற்கலாம் என்கிறார். மீனுக்கு வளர்வது உண்மையா?

சின்னாறு:

அண்ணா, நிலத்தை விற்க விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மீனுக்கு வளர்வது உண்மை. அதன் விழித்திரையில் முல்லர் கிளியா என்ற தாங்கும் செல்கள் இருக்கின்றன. விழித்திரை காயப்பட்டால் அவை இளம் செல் நிலைக்குப் பின்னோக்கிப் போய், பிரிந்து, செத்த செல்களுக்குப் பதிலாகப் புதிய நரம்புச் செல்களைத் தருகின்றன. சில வாரங்களில் மீன் திரும்பப் பார்க்கும். நமக்கும் அதே முல்லர் செல்கள் உண்டு. காயம் பட்டால் அவை வடுவாகின்றனவே தவிர, புதிய செல்லைத் தருவதில்லை. மீனில் இந்த வேலையைத் தொடங்கிவைக்கும் ஜீன்களில் ஒன்று ஏஎஸ்சிஎல்1. அதை வளர்ந்த சுண்டெலியின் முல்லர் செல்லில் இயக்கி, கூடவே இன்னொரு மருந்தும் கொடுத்தால் சில நரம்புச் செல்கள் பிறக்கின்றன என்று சியாட்டிலில் டாம் ரே குழு 2017ல் காட்டியது. மீனிலிருந்து கற்றுக்கொண்ட அருமையான விஷயம் அது. ஆனால் அது சுண்டெலியில் நின்றிருக்கிறது. மனிதக் கண்ணில் போடும் ஊசியாக அது எங்கேயும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு கிளினிக்கில் இப்படிக் கண்ணுக்குள் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் இருந்த பார்வையையும் இழந்ததை 2017ல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்க முடியாது. ஆய்வாக நடத்தினால் பதிவு இருக்கும், நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள். சித்தப்பாவுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

ஒளிவிலகல்:

இதோடு ஒன்று. மாலைக்கண் என்றாலே இந்த நோய்தான் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். வைட்டமின் ஏ குறைந்தாலும் இருட்டில் தெரியாது, அது சரியாகிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதற்காகத்தான். கீரையும் பப்பாளியும் அதற்கு உதவும். மலரின் தம்பிக்கு இருப்பது வேறு. அவர் தானாக மாத்திரை வாங்கி வைட்டமின் ஏ அதிகம் போட்டுக்கொள்ளக் கூடாது, ஈரலுக்குக் கெடுதல்.

மலர், தம்பி இப்போது இரவில் வண்டி ஓட்டுகிறாரா? தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பகல் ஷிப்ட் மாற்றிக் கேட்க டாக்டர் கடிதம் கொடுப்பார். பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அதுதான் ஆதாரம்.

காரிமங்கலம் மலர்:

நைட் ஷிப்ட்டை விட்டுவிட்டான் மேடம். வண்டியை அப்பா எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் ரெண்டு தடவை படித்தேன். மீன் பதில் சொல்லும், ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் சொல்லாது என்று புரிகிறது. அப்படியானால் கல்யாணப் பேச்சுக்கு என்ன செய்வது? வீட்டில் அம்மா அழுகிறார். "நான் மாமனைக் கட்டினதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். இந்த நோய்க்கு மருந்து ஏதும் வருகிறதா என்றும் சொல்லுங்கள்.

சின்னாறு:

அக்கா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்றிரண்டு கெட்ட பிரதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பிரதி கெட்டிருந்தால் நோய் வராது, இருப்பதே தெரியாது. உங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து அது சத்தமில்லாமல் வந்திருக்கும். மாமனும் மருமகளும் ஒரே குடும்பம் என்பதால் அதே பிரதி இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடியது, அவ்வளவுதான். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. இருவருமே ஒரு பிரதி சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஜப்பானில் இந்த நோய்க்குத் தெரிந்த காரணங்களில் ஈஒய்எஸ்தான் முதலிடம், அங்கே உறவுக்குள் கட்டாத குடும்பங்களிலும் நிறைய வருகிறது.

கல்யாணம் பற்றி. இந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் இரண்டு பிரதியுமே மாறியவை, எனவே பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பிரதி போகும். ஒரு பிரதியால் ஒன்றுமில்லை. பெண்ணும் அதே பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. உங்கள் மாமா மகள் அதைச் சுமக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. இது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மீன் தேவையில்லை. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அவருக்கே முதலில் விவரம் சொல்லிச் செய்யுங்கள்.

"உறுதியாகாத" என்ற வார்த்தையைக் குறைக்க உங்கள் வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. அம்மா அப்பா ரத்தத்தில் அந்த ஒரே எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். பிறகு உங்களையும் மற்ற உடன்பிறப்புகளையும். நன்றாகப் பார்க்கும் மூத்தவர் யாருக்காவது இரண்டு பிரதியும் மாறியிருந்தால் சந்தேகம் இந்த மாற்றத்தின் மேலிருந்து விலகும். பார்வை போனவர்களிடம் மட்டும் இரண்டு பிரதி இருந்தால் சந்தேகம் வலுக்கும். 2015ல் வந்த விதிமுறைப்படி ஒவ்வொரு ஜீன் மாற்றத்தையும் ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள், உங்களுடையது நடுவில் நிற்கிறது. குடும்ப ஆதாரம், மற்ற நோயாளிகளிடம் அதே மாற்றம் கிடைப்பது, மீனிலோ செல்லிலோ செய்த சோதனை, எல்லாம் சேர்ந்து அதை ஒரு பக்கம் தள்ளும். இன்றைக்கு உங்களால் செய்ய முடிந்தது முதலாவது.

மருந்து: ஆர்பிஇ65 என்ற ஒரு ஜீனுக்கு மட்டும் ஜீன் சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழி காட்டியது மீன் இல்லை, பிறவியிலேயே அந்த ஜீன் கெட்ட நாய்கள். ஈஒய்எஸ்ஸுக்கு அதே முறை பொருந்தவில்லை. ஜீனைச் சுமந்துபோகும் ஏஏவி வைரஸில் ஏறக்குறைய 4,700 எழுத்துதான் கொள்ளும், ஈஒய்எஸ் செய்தி ஒன்பதாயிரத்தைத் தாண்டும். அதனால்தான் ஜீனைச் சுருக்க முடியுமா என்று பார்க்க, மீனில் இந்த ஜீன் எந்தப் பகுதி இல்லாவிட்டாலும் வேலை செய்யும், எந்தப் பகுதி கட்டாயம் வேண்டும் என்ற கேள்வி முக்கியமாகிறது. சுண்டெலியில் கேட்க முடியாத கேள்வி அது.

பழைய விலங்கியல்:

சின்னாறின் கடைசிப் பத்தியில் எனக்கு முழு உடன்பாடு. ஒரு தனி நோயாளியின் மாற்றத்துக்கு மீன் தீர்ப்பு சொல்வதைவிட, ஒரு ஜீனின் வேலையை மீன் விளக்குவது பெரிய பயன். முதலாவதை எதிர்பார்த்து ஏமாறுபவர்களைப் பார்த்துதான் நான் கறாராக எழுதினேன்.

மலர், உறவுக்குள் கட்டாதீர்கள் என்று நம் மாவட்டத்தில் மேடை போட்டுச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கட்டுவதற்கு முன் ஒரு முறை மரபணு ஆலோசகரைப் பாருங்கள் என்று சொன்னால் கேட்கிறார்கள். அதுவும் குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்கு நோய் தெரிந்திருந்தால் கட்டாயம்.

அரூர் வாத்தியார்:

அரசுப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். மெண்டல் பாடத்தைப் பட்டாணிச் செடியோடு முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அது ஒட்டுவதே இல்லை. மேலே நாலில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று சின்னாறு எழுதியதை ஒரு குடும்ப மரமாக வரைந்து பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தலாம் என்றிருக்கிறேன், பெயர் ஊர் எதுவும் இல்லாமல். மலருக்குச் சம்மதம்தானா?

அப்புறம், மீன் முட்டையை வகுப்பில் காட்ட முடியுமா? சட்டப்படி அனுமதி ஏதும் வேண்டுமா?

காரிமங்கலம் மலர்:

தாராளமாக நடத்துங்கள் சார். எங்கள் வீட்டில் ஒருத்தருக்காவது பத்தாவது பன்னிரண்டாவதில் இது மண்டையில் ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா, அப்பா, நான், தங்கை நாலு பேரும் ரத்தம் கொடுக்கப் போகிறோம். மாமா வீட்டில் நானே போய்ப் பேசினேன். அந்தப் பெண் "எனக்கும் பார்க்கச் சொல்லுங்க அக்கா, தெரிஞ்சுகிட்டே முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டாள். போகும்போது என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

சின்னாறு:

அக்கா: ஜீன் அறிக்கையின் எல்லாப் பக்கமும், முதல் பக்கம் மட்டும் போதாது. மாற்றத்தின் முழு எழுத்து எண் உள்ளே இருக்கும், ஆய்வகத்துக்கு அதுதான் வேண்டும். ஈஆர்ஜி (விழித்திரையின் மின் துடிப்பு அளவு), ஓசிடி (விழித்திரை அடுக்குகளின் ஸ்கேன்), பக்கவாட்டுப் பார்வை அளவு, விழித்திரைப் படம். மூன்று தலைமுறை குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து, யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு ராத்திரியில் தெரியவில்லை, எந்த வயதில் தொடங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். மூல டேட்டாவையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஓரிரு வருடம் கழித்து அதே டேட்டாவைத் திரும்ப ஆராயச் சொல்லலாம், அதற்குள் புதிய ஆதாரம் சேர்ந்திருக்கும், இன்னொரு முறை ரத்தம் கொடுக்கத் தேவையில்லை.

வாத்தியார் சார்: முட்டை எடுத்து வளர்ந்துவருவதைப் பார்ப்பது வேறு, சோதனை செய்வது வேறு. மருந்து கலப்பது, ஜீனை மாற்றுவது எல்லாம் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி உள்ள ஆய்வகத்தில்தான். வகுப்பில் பார்த்துவிட்டுக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே வளர்த்துவிடுங்கள், ஏரியிலோ ஆற்றிலோ விட வேண்டாம்.

காவேரிப்பட்டணம் கலர்மீன்:

வாத்தியார் சார், முட்டை நான் தருகிறேன், காசு வேண்டாம். காலையில் போட்ட முட்டையை டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாலும் அரூர் வரை தாங்கும், வெயிலில் வைக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை கொண்டுவந்தால் செவ்வாய் கண் கிண்ணம் பார்க்கலாம், வியாழன் பொரியும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லென்ஸும், கறுப்பு வெள்ளைக் கோடு ஒட்டின பாட்டில் ஒன்றும் தயார் பண்ணி வையுங்கள். மேடம் சொன்ன மாதிரி கண்ணாடி டம்ளரைச் சுற்றி மெதுவாகத் திருப்பினால் குஞ்சு கோட்டோடு போகிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

அரூர் வாத்தியார்:

அடுத்த திங்கள் வேண்டாம், பள்ளியில் பருவத் தேர்வு. அதற்கு அடுத்த திங்கள் காலை நானே காவேரிப்பட்டணம் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆர்ஓ தண்ணீர் எவ்வளவு கலக்க வேண்டும் என்று மட்டும் இங்கே எழுதிவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் கலர்மீன்:

தண்ணீரும் நானே கேனில் தந்துவிடுகிறேன் சார். உங்கள் போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.